சூடுண்ட தோள்

தை மாதத்துப் பூரணைக்கு முந்திய நாளின் மாலை. மேற்கே கருங்குன்றத்தின் மீது சாய்ந்துகொண்டிருந்த கதிரவன் பெண்ணையாற்றின் நீர்ப்பரப்பெங்கும் செம்பொன்னை உருக்கி ஊற்றியிருந்தான். கிழக்கே நாணற்காட்டுக்கு மேலே முன்கூட்டியே எழுந்துவிட்ட நிலவோ, அழையாத விருந்துக்கு வந்துவிட்டவளைப் போல வெளிறிப்போய் ஒதுங்கி நின்றது. மணல் திட்டுகளில் கொக்குகள் ஒற்றைக் காலில் உறங்கத் தொடங்கியிருந்தன. வடகரையில் பகைவரின் சமையல் புகை நீலக் கோடுகளாக எழுந்து, ஆற்றின் மேல் வந்ததும் காற்றில் கலைந்து தென்கரை வரை மணத்தது.

தென்கரையில் அந்த மணத்தை நுகர்ந்தபடி கருங்குன்ற நாட்டின் படை பாசறை இறங்கியிருந்தது. பாசறை என்றதும் வாசகர்கள் முரசொலியையும் கொடிகளின் ஆரவாரத்தையும் எதிர்பார்க்கக்கூடும். போர் தொடங்கிய முதல் வாரத்தில் அவையெல்லாம் இருந்தன. இப்போது மூன்றாவது மாதம். கொடிகள் பனியில் நனைந்து கம்பத்தோடு ஒட்டிக்கிடந்தன. குதிரைகளின் விலா எலும்புகளை நின்ற இடத்திலிருந்தே எண்ணலாம். வீரர்கள் வேலை ஊன்றிப் பிடித்தபடியே உறங்கப் பழகியிருந்தார்கள். ஆற்றைக் கடந்து வரப் பகைவனுக்கும் துணிவில்லை. கடந்து போய் அவனை விரட்ட இவர்களிடமும் ஆளில்லை. இருதரப்பும் ஒருவரை ஒருவர் பார்த்துப் பார்த்தே களைத்துப்போயிருந்த காலம் அது.

அரசி மாணிக்கநங்கையின் கூடாரத்து வாயிலில் வேல் பிடித்து நின்ற மெய்க்காவலன் ஐயாறனும் களைத்துத்தான் இருந்தான். ஆனால் அவனுடைய களைப்பு மூன்று மாதத்துக் களைப்பன்று.

அவனுக்கு வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. நெடிய உருவம், அகன்ற தோள்கள், அதிகம் பேசாத வாய். ஆறாண்டுகளுக்கு முன் சாதாரணக் காலாளாகப் படையில் சேர்ந்து, நான்கு போர்களில் காயம்பட்டு, அரசியின் வாயிற்காவல் வரை உயர்ந்தவன். எவ்வளவு வெயிலடித்தாலும் மார்புக் கவசத்தை மட்டும் பிறர் முன்னிலையில் அவன் கழற்றியதில்லை. கூச்ச சுபாவம் என்று தோழர்கள் கேலி செய்வார்கள். அவனும் சிரித்து வைப்பான்.

கவசத்துக்குக் கீழே, இடது தோளில், ஒரு சூட்டுத் தழும்பு இருந்தது. வழிப்பறி செய்தவனுக்கு நாட்டுச் சபை இரும்பைக் காய்ச்சி இடும் சூலக்குறி. பதினாறு ஆண்டுகளுக்கு முன், மழை பொய்த்த ஒரு கோடையில், முள்ளிக்காட்டுச் சாலையில் சாத்து எனப்படும் வணிகர் வண்டித்தொடர் ஒன்றை வழிமறித்த கூட்டத்தில் அவனும் ஒருவன். சாத்துக்குக் காவலாக வந்த இளைஞன் ஒருவன் அன்று உயிரிழந்தான். கூட்டத்தார் தப்பினார்கள்; இவன் மட்டும் பிடிபட்டான். சபை நீதி தவறவில்லை. குற்றம் செய்தாயா என்று கேட்டார்கள், செய்தேன் என்றான். தோளில் சூடு வைத்துக் கல்வெட்டும் குழிக்கு அனுப்பினார்கள்.

தண்டனைக் காலம் முடிந்து வெளியே வந்தவனை எந்த ஊரும் ஊருக்குள் விடவில்லை. அலைந்து திரிந்தபோதுதான் கருங்குன்ற நாட்டில் படைக்கு ஆள் சேர்க்கும் பறை கேட்டது. "உடலில் சூடு உண்டா?" என்று ஆள் சேர்ப்பவர் கேட்டார். அந்த நாட்டுச் சட்டப்படி சூடுண்டவன் படையில் சேரலாகாது. மறைத்துச் சேர்ந்தால் வலக்கையை வெட்டுவார்கள். கொட்டும் மழையில் நீண்ட வரிசை காத்து நின்றது. மேலாடையை விலக்கிப் பார்க்க அன்று யாருக்கும் பொறுமையில்லை. "இல்லை" என்றான். "பெயர்?" என்றார். வாயில் வந்த பெயரைச் சொன்னான். அந்தப் பொய்ப்பெயரிலேயே வாளைத் தொட்டுச் சத்தியமும் செய்தான்.

சேர்ந்த முதல் மாதத்திலேயே இன்னொன்றும் தெரிந்துகொண்டான். படைத்தலைவர் விழுப்பரையரின் ஒரே மகன் ஆதன், முள்ளிக்காட்டில் கள்வர் கையால் இறந்தவன்.

அன்றே ஓடியிருக்கலாம். ஏன் ஓடவில்லை என்பதை அவன் தனக்கே விளக்கிக்கொண்டதில்லை. அந்த முதியவர் முன்னே போன போர்களிலெல்லாம் அவருக்கு இடப்புறம், கேடயம் எட்டும் தூரத்தில், இவன் நின்றான். இரண்டு முறை அவருக்கு வந்த அம்பைத் தன் உடலில் வாங்கினான். "ஐயாறா, உனக்கு உயிரின் மேல் ஆசையே கிடையாதா?" என்று அவர் ஒருமுறை அன்போடு கடிந்தபோது, அன்றிரவு சோறு இறங்காமல் கிடந்தான்.

இந்த மாலையில் கூடாரத்துக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது.

"தேவி, எங்கள் மேற்குமலை அரசர் தங்கள் துயரத்தைத் தம் துயரமாகவே கருதுகிறார்" என்றது அந்தக் குரல். சொல்லி முடித்ததும், நாவை மேலண்ணத்தில் ஒட்டி எடுத்து, 'ட்சு' என்று ஓர் ஒலி.

வாயிலில் நின்ற ஐயாறன் சட்டெனத் திரைப்பக்கம் திரும்பினான். அந்த ஒலியை அவன் பதினாறு ஆண்டுகளாகக் கனவில் கேட்டுக்கொண்டிருந்தான்.

திரைச்சீலையின் இடைவெளி வழியே பார்த்தான். அரசி மாணிக்கநங்கை ஆபரணம் ஏதுமின்றி மரத்தவிசில் அமர்ந்திருந்தாள். கணவனைப் போரில் இழந்து நாட்டைச் சுமந்துகொண்டிருந்தவள் அவள். சில நாட்களாக உறங்காத கண்கள். அருகே நரைத்த மீசையுடன் விழுப்பரையர். எதிரே பட்டுத் தலைப்பாகையும் முத்துக் கடுக்கனுமாக நின்றான் தூதன். உடம்பு பருத்து, மீசை மாறியிருந்தது. ஆயினும் சந்தேகமே இல்லை. கூற்றன்! முள்ளிக்காட்டுக் கூட்டத்தின் தலைவன்.

"முத்திரை மோதிரத்தைத் தேவி பார்த்தீர்கள். எங்கள் அரசர் ஈராயிரம் வீரருடன் நாளை பொழுது புலருமுன் கீழே ஆலந்துறைக்கு வந்துவிடுவார். தங்கள் படையும் இன்றே புறப்பட்டு அங்கு வந்து சேர்ந்தால், இருபடையும் ஒன்றாக ஆற்றைக் கடந்து பகைவனைப் பின்னாலிருந்து தாக்கலாம். இந்தப் போர் நாளையோடு முடிந்துவிடும்."

'முடிந்துவிடும்' என்ற சொல்லைக் கேட்டதும் அரசியின் முகத்தில் ஓர் ஏக்கம் தோன்றி மறைந்தது.

"இந்த மருதந்துறையை வெறுமையாக விட்டுவிட்டா?" என்றார் விழுப்பரையர்.

"காவலுக்குச் சிலர் போதாதா, தலைவரே? மூன்று மாதமாக இங்கே கடக்காத பகைவன் நாளைக்கா கடந்துவிடப் போகிறான்?"

அரசி சற்று யோசித்தாள். "விளக்கேற்றியதும் எம் முடிவைச் சொல்கிறோம். அதுவரை இளைப்பாறும்" என்றாள்.

திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்த கூற்றனின் பார்வை வாயிற்காவலன் மேல் விழுந்தது. ஒரு கணம் நின்றான். பிறகு மிகவும் மரியாதையான குரலில், "இந்த வீரர் எனக்கு விடுதி காட்டட்டுமே" என்றான்.

இருவரும் ஆற்றங்கரையோரமாக நடந்தார்கள். மற்றவர் காதுக்கு எட்டாத தூரம் வந்ததும் கூற்றன் சிரித்தான்.

"காடா! அடே காடா! வேலும் கவசமும் உனக்கு நன்றாகத்தான் பொருந்துகின்றன. தோளில் வைத்த சூலம் ஆறிவிட்டதா?"

ஆறாண்டுகளுக்குப் பிறகு தன் சொந்தப் பெயரை ஒரு மனிதர் வாயிலிருந்து கேட்டான் அவன். அந்த மனிதன் இவனாக இருந்ததுதான் வேதனை.

"மேற்குமலைத் தூதரை என்ன செய்தாய்?" என்று கேட்டான்.

"காட்டில் உறங்குகிறார். இனி எழுந்திருக்க மாட்டார். வடகரை அரசர் எனக்கு ஒரு கோட்டத்தையே ஆளத் தருவதாகச் சொல்லியிருக்கிறார், காடா. பொழுது விடியும்போது அவர் படை இந்தத் துறையில் இறங்கும். நீ ஒன்றும் செய்ய வேண்டாம், வாயை மூடிக்கொண்டிரு, அது போதும். அவருடைய படையில் உனக்கும் ஓர் இடம் வாங்கித் தருகிறேன். அங்கே தோளை யாரும் பார்ப்பதில்லை."

"மூடாவிட்டால்?"

'ட்சு' என்றான் கூற்றன். "மூடாவிட்டால் நான் திறப்பேன். உன் வலக்கை போகும். அந்தக் கிழவரின் மகனை வழியில் நிறுத்திவைத்தவன் யாரென்றும் சொல்வேன். கையை வெட்டுவதோடு அவர் விடுவாரா, என்ன?"

விடுதியின் திரையை விலக்கி உள்ளே போகுமுன் கூற்றன் அவன் தோளில் தட்டிக்கொடுத்தான். இடது தோளில்.

ஐயாறன் உடனே காவலுக்குத் திரும்பவில்லை. தோழனிடம் அரைநாழிகை பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, பாசறையின் ஓரத்தில் மருத மரத்தடியில் இருந்த மருத்துவச்சாலைக்குப் போனான். அங்கே சாத்தி என்பவள் அம்மியில் மூலிகை அரைத்துக்கொண்டிருந்தாள். மருத்துவர் குடியில் பிறந்தவள். போரில் காயம்பட்டவர்களுக்கு மருந்திட்டே முப்பத்தைந்து வயதைக் கடந்துவிட்டவள். ஐயாறன் அம்பு பட்டு நினைவிழந்து கிடந்தபோது கவசத்தை அறுத்து எடுத்தவள் அவள்தான். தழும்பைப் பார்த்திருக்க வேண்டும். ஏனெனில் அவன் கண் விழித்தபோது, காயம் வலத்தோளில் இருக்க, இடத்தோளும் துணியால் நன்றாகச் சுற்றப்பட்டிருந்தது. அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அந்த மௌனத்தின் மீது அவன் உள்ளத்தில் வளர்ந்திருந்தது என்னவென்று வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவளிடம் அவனும் சொன்னதில்லை.

"சாத்தி, ஒருவேளை நான் இன்று எங்காவது போய்விட்டால்..." என்று ஆரம்பித்தான்.

"எங்கே?"

"தெரியவில்லை. இங்கே இருக்க முடியாமல் போகலாம்."

அவள் அரைப்பதை நிறுத்தவில்லை. "போகிறவர் சொல்லிக்கொள்ள வர மாட்டார். என்ன நடந்தது?"

"என் தோளில் இருப்பதை நீ பார்த்திருக்கிறாய்."

"பார்த்திருக்கிறேன்."

"அதைப் பற்றி ஏன் கேட்கவில்லை?"

"ஒருநாள் நீரே சொல்வீர் என்று இருந்தேன்" என்றாள் சாத்தி. பிறகு நெற்றியைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு அவனை ஏறிட்டாள். "இவ்வளவு நாள் ஆகும் என்று நினைக்கவில்லை."

அவளுடைய குரலிலும் களைப்பு இருந்தது. ஐயாறன் அங்கேயே நின்றான். பாசறையைத் திரும்பிப் பார்த்தான். கஞ்சிக் கலயத்தைக் கையில் வைத்துக்கொண்டே உறங்கிவிட்ட ஒருவனை அவன் தோழன் எழுப்பிக்கொண்டிருந்தான். ஒரு குதிரைக்காரன் தன் போர்வையைக் குதிரையின் முதுகில் போர்த்திவிட்டுத் தான் நடுங்கிக்கொண்டிருந்தான். நாளைக் காலையில் இவர்களெல்லாரும் ஆலந்துறையில் வராத துணைப்படையை எதிர்பார்த்து நிற்பார்கள். இந்தத் துறையில் இறங்கும் பகைவன் அவர்கள் முதுகில் பாய்வான்.

மருத்துவச்சாலையில் விளக்கேற்றினார்கள். அவன் அரசியின் கூடாரத்தை நோக்கி நடந்தான்.

அங்கே கூற்றன் ஏற்கெனவே வந்துவிட்டிருந்தான். அரசி முடிவைச் சொல்ல வாயெடுத்த நேரத்தில் வாயிற்காவலன் உள்ளே வந்து தவிசின் முன் மண்டியிட்டான். வேலைத் தரையில் கிடத்தினான்.

"தேவி, பொறுத்தருள வேண்டும். இவன் மேற்குமலைத் தூதன் அல்லன். வடகரையின் ஒற்றன். உண்மைத் தூதரைக் கொன்று மோதிரத்தைப் பறித்துவந்தவன். விடியும்போது பகைவர் படை இந்தத் துறையில் இறங்கப் போகிறது."

கூடாரம் திகைத்தது. விழுப்பரையர், "ஐயாறா! என்ன உளறுகிறாய்? உனக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

அவன் பதில் சொல்லுமுன் கூற்றன் முந்திக்கொண்டான். அவனுடைய பெரிய பலம் வேகம். அன்று அதுவே அவனைக் கவிழ்த்தது.

"தேவி! தோளில் வழிப்பறிச் சூடு சுமக்கும் கள்வன் ஒருவன் சொல்லை வைத்தா மேற்குமலை அரசரின் தூதனை அவமதிப்பது? இவன் கவசத்தைக் கழற்றச் சொல்லுங்கள். இப்படிப்பட்டவர்களா தங்களுக்குக் காவல்?"

அரசி ஐயாறனைப் பார்த்தாள். அவன் கவசத்தின் வார்களை அவிழ்த்தான். இடது தோளில், விளக்கொளியில், கருத்துச் சுருங்கிய சூலக்குறி தெரிந்தது. "ஐயோ!" என்றார் யாரோ.

பிறகு அரசி மெல்லக் கேட்டாள்: "தூதரே, எம் காவலர் ஆறாண்டுகளாக எம் படையில் இருப்பவர். அவர் தோளில் இப்படி ஒன்று இருப்பது எமக்கே தெரியாது. இன்று பிற்பகல்தான் பாசறைக்குள் வந்த உமக்கு, கவசத்துக்குள் இருப்பது எப்படித் தெரிந்தது?"

கூற்றன் கூடாரத்தின் வாயிலை ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

"என்னோடு இருந்தவன் ஆதலால் தெரியும், தேவி" என்றான் ஐயாறன். "என் பெயர் ஐயாறன் இல்லை, காடன். இவன் கூற்றன். இருவரும் ஒரே கூட்டத்தில் வழிப்பறி செய்தோம்."

"எங்கே?" என்றார் விழுப்பரையர்.

அவன் மண்டியிட்டபடியே அவர் பக்கம் திரும்பினான்.

"முள்ளிக்காட்டுச் சாலையில், ஐயா."

படைத்தலைவரின் கை வாளின் பிடியில் போய் நின்றது. ஆனால் வாள் உறையை விட்டு வரவில்லை. கூடாரத்திலிருந்த எல்லாக் கண்களும் அவர் முகத்தில் பதிந்திருந்த அந்தக் கணம் கூற்றனுக்குப் போதுமானதாயிருந்தது. விளக்குத் தண்டைக் காலால் உதைத்துத் தள்ளினான். இருளில் கூடாரத் துணியைக் குறுவாளால் கிழித்துக்கொண்டு வெளியே பாய்ந்தான். "பிடி! பிடி!" என்ற கூக்குரல் எழுந்தது. காடன் கிழிந்த துணியின் வழியே அவனைத் தொடர்ந்து ஓடினான்.

நிலவு இப்போது தன் முறையை எடுத்துக்கொண்டிருந்தது. ஆறு முழுவதும் பால் வழிந்தது போல ஒளிர்ந்தது. கூற்றன் கரையிலிருந்து நீரில் குதித்து வடகரையை நோக்கிக் கைவீசி நீந்தினான். பின்னாலேயே காடன் குதித்தான். கரையிலிருந்து பாய்ந்த அம்புகள் இருவரையும் சுற்றி நீரில் விழுந்தன. இருவரில் யார் நண்பன், யார் பகைவன் என்று எய்தவர்களுக்கே தெரியவில்லை.

நட்டாற்று மணல் திட்டில் காடன் அவனை எட்டிப் பிடித்தான். கூற்றனின் குறுவாள் அவன் முழங்கையைக் கீறியது. இருவரும் ஈர மணலில் உருண்டார்கள். கடைசியில் குறுவாள் நீருக்குள் போயிற்று. காடனின் முழங்கால் கூற்றனின் மார்பில் அழுந்தியது.

மூச்சிரைக்க, அந்த நிலையிலும் கூற்றன் சிரித்தான்.

"முட்டாள்! திரும்பிப் பார். அங்கே உனக்காக வெட்டுக்கத்தி தீட்டிக்கொண்டிருக்கிறார்கள். இந்தப் பக்கம் பார். இன்னும் பாதி ஆறுதான். என்னோடு வா. நீந்திவிடலாம்."

காடன் இரு கரைகளையும் பார்த்தான். அவன் சொன்னது மெய்தான். தென்கரையில் தீவட்டிகள் ஓடிக்கொண்டிருந்தன. வடகரை அமைதியாக இருந்தது. அவனை அங்கே யாருக்கும் தெரியாது. இன்னொரு பெயர் வைத்துக்கொள்ளலாம். மறுபடியும் கவசத்தைக் கழற்றாமல் உறங்கலாம். மறுபடியும் யாராவது பேரைச் சொல்லி அழைக்கும்போது ஒரு கணம் தாமதித்துத் திரும்பலாம்.

"என்னால் முடியாது, கூற்றா" என்றான். "மிகவும் களைத்துவிட்டேன்."

தலைப்பாகைப் பட்டாலேயே அவன் கைகளைப் பிணைத்து, தலைமுடியைப் பற்றி இழுத்துக்கொண்டு, வந்த கரைக்கே நீந்தினான்.

கூற்றனைச் சங்கிலியிட்டுக் கொண்டுபோனார்கள். காடன் நீர் சொட்ட, குருதி சொட்ட, அரசியின் முன் நின்றான். கவசமில்லாத தோளை அவன் மூடிக்கொள்ளவில்லை.

"ஆற்றில் பாதி தூரம் போனீர். மீதியும் போயிருக்கலாம்" என்றாள் அரசி.

"போயிருக்கலாம், தேவி."

விழுப்பரையர் எழுந்து அவனருகே வந்தார்.

"என் மகன் எப்படி இறந்தான்? சபையார் கள்வர் கொன்றார்கள் என்று மட்டும் சொன்னார்கள். நீ அங்கே இருந்தாய். சொல்."

"ஐயா, வேண்டாம்..."

"சொல்!"

காடன் தலையைக் குனியாமல் சொன்னான். குனிந்து சொன்னால் அது பாதிப் பொய்யாகிவிடும் என்று அவனுக்குத் தோன்றியது.

"என்னைச் சாலையில் கிடக்கச் சொன்னார்கள். தாகத்தால் விழுந்துகிடக்கும் வழிப்போக்கனைப் போல. சாத்து நெருங்கியதும் தண்ணீர் என்று முனகினேன். மற்றக் காவலர்கள் போகலாம் என்றார்கள். தங்கள் மகன் குதிரையிலிருந்து இறங்கினார். தம் தண்ணீர்க் குடுவையை எடுத்து என் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். நான் குடித்துக்கொண்டிருந்தபோது கூற்றன் பின்னாலிருந்து வேலை எறிந்தான். எல்லாரும் ஓடினார்கள். அவர் தலை என் மேல் சாய்ந்திருந்தது. என்னால் எழுந்திருக்க முடியவில்லை, ஐயா. அப்படியே பிடித்தார்கள்."

விழுப்பரையர் நெடுநேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"இறங்கினானா?" என்றார் கடைசியில். "அவன் தாய் அப்படித்தான் வளர்த்திருந்தாள்."

அரசி மாணிக்கநங்கை நீதி சொல்ல வேண்டிய நேரம் வந்தது. அவள் அவசரப்படவில்லை. "எம் மாமனார் காலத்துச் சட்டம் இது. சூட்டை மறைத்துப் படையில் சேர்ந்தவனுக்கு வலக்கை இல்லை. ஆறாண்டு விசுவாசத்துக்காகச் சட்டத்தை நாம் மறந்தால், நாளை இன்னொருவன் மறக்கச் சொல்வான். ஆனால் அதே சட்டத்தில் இன்னொரு வரியும் உண்டு. மாசற்ற படைவீரர் ஒருவர் தம் உயிரைப் பிணையாக வைத்தால், சூடுண்டவனும் சொந்தப் பெயரில் படையில் சேரலாம், கையும் தப்பும். பிணை பெற்றவனின் பிழைக்குப் பிணையாளரே தலை கொடுக்க வேண்டும். அதனால்தானோ என்னவோ, எமக்குத் தெரிந்து யாரும் இதுவரை பிணை நின்றதில்லை." அவள் சுற்றிலும் பார்த்தாள். "இங்கே யாராவது உண்டா?"

வீரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவனோடு ஒரே கலயத்தில் கஞ்சி குடித்தவர்கள் அங்கே இருந்தார்கள். ஆனால் படைத்தலைவரின் முகத்துக்கு எதிரே எழுந்து நிற்க யாருக்கும் கால் வரவில்லை.

"நான் நிற்கிறேன்" என்றார் விழுப்பரையர்.

"ஐயா!" என்று கதறிவிட்டான் காடன்.

"வாயை மூடு" என்றார் அவர். "உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. மன்னிக்க என்னால் முடியாது. உன் கையை வெட்டினால் என் மகன் எழுந்து வரப் போவதில்லை. வெட்டாவிட்டாலும் வரப் போவதில்லை. விடியும்போது இந்தத் துறையில் பகைவன் இறங்குகிறான். ஆற்றில் அவனை நிறுத்த எனக்கு ஆட்கள் வேண்டும். ஓடிப்போகக் கூடிய இடத்திலிருந்து திரும்பி வந்தவன் ஒருவனாவது வேண்டும்." பிறகு அரசியின் பக்கம் திரும்பினார். "தேவி, மெய்க்காவல் பதவி இவனுக்கு வேண்டாம். கடைசிக் காலாளாகச் சேரட்டும். என் கண் எதிரே நிற்கட்டும்."

வாளைக் கொண்டுவந்தார்கள். குருதி உலராத கையை அதன் மேல் வைத்து, பொய்ப்பெயரில் ஒருமுறை எடுத்த சத்தியத்தை அவன் இரண்டாம் முறை எடுத்தான்.

"பூதன் மகன் காடன், வழிப்பறி செய்து சூடுண்டவன், இந்த வாளின் மேல் ஆணையிடுகிறேன். இந்த நாட்டுக்கும் இந்தப் படைக்கும் என் உயிர் உள்ளளவும் புறமுதுகு காட்டேன். எனக்காகப் பிணை நின்றவரின் தலைக்கு என்னால் ஒரு தீங்கு வரவிடேன்."



சாத்தி அவனுடைய முழங்கைக் காயத்தைக் கட்டினாள். முடிச்சைப் போட்டுவிட்டு, "காடன்" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள்.

"நன்றாக இல்லையா?"

"நன்றாகத்தான் இருக்கிறது. கொஞ்சம் பழக வேண்டும்" என்றாள். "விடியும் வரை படுத்துத் தூங்கும். நான் எழுப்புகிறேன்."

ஆறாண்டுகளில் முதன்முறையாக அவன் கவசமின்றி, வெற்றுத் தோளோடு, எல்லாரும் போய்வரும் வழியில் படுத்து உறங்கினான்.

பொழுது புலர்ந்தபோது ஆற்றின் மேல் பனி கனத்திருந்தது. இரவில் தென்கரையில் ஓடிய தீவட்டிகளைப் படை ஆலந்துறைக்குப் புறப்படும் அடையாளமென்று எண்ணி, வெறுமையான துறையை எதிர்பார்த்து மார்பளவு நீரில் இறங்கிவந்த வடகரைப் படை, பனி விலகியதும் எதிரே வேல்களின் காட்டைக் கண்டது. திரும்பவும் வழியில்லை; முன்னேறவும் முடியவில்லை. அந்தப் போரை விரிவாகச் சொல்லி வாசகர்களைக் களைப்புறச் செய்ய விரும்பவில்லை. உச்சிப்பொழுதுக்குள் ஆறு தன் நிறத்தை மாற்றிக்கொண்டது. வடகரை அரசனின் கொடி நீரில் மிதந்துபோயிற்று. தென்கரையிலும் பல தாய்மார்களுக்கு அன்று பிள்ளைகள் இல்லாமற்போனார்கள். ஆனால் துறை விழவில்லை.

எல்லாம் அடங்கியபின், படைத்தலைவர் விழுப்பரையர் கரையிலிருந்த ஒரு மரக்கட்டையின் மேல் உட்கார்ந்தார். வாளை மடியில் வைத்துக்கொண்டு ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். எட்டடி தள்ளி, கேடயம் பிளந்து, முகமெல்லாம் சேறாகக் காடன் நின்றான். அருகே வரலாமா, விலகிப் போகலாமா என்று அவனுக்குத் தெரியவில்லை. அதனால் நின்ற இடத்திலேயே நின்றான்.

அவர் திரும்பாமலே பேசினார்.

"நேற்று சொன்னதுதான். மன்னிக்கவில்லை."

"தெரியும், ஐயா."

"பகைவன் தோற்றுவிட்டான் என்று நினைக்காதே. மீண்டும் வருவான்."

"வருவான், ஐயா."

முதியவர் வாளை ஊன்றி எழுந்தார். எழும்போது முழங்கால் மடங்கியது. காடன் விரைந்து அருகே வந்து கையை நீட்டினான். நீட்டிய பிறகுதான் என்ன செய்தோம் என்று திடுக்கிட்டான். விழுப்பரையர் அந்தக் கையைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு அதைப் பற்றிக்கொண்டு நிமிர்ந்து நின்றார். நின்றதும் விட்டுவிட்டார்.

"நாளையும் என் இடப்புறத்திலேயே நில், காடா" என்றார்.

"நிற்கிறேன், ஐயா" என்றான் அவன். அந்தப் பெயருக்குப் பதில் சொல்ல இம்முறை அவன் தாமதிக்கவில்லை.